கேட்டது கேட்டபடி

நான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய வேலை, கேள்விகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புள்ளியியலில் பட்டம் வாங்கிவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் தமிழும் ஆங்கிலமும் தட்டச்சு பழகி முடித்திருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய ஆய்வு மையத்துக்கு இரண்டு மொழியும் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இன்ஸ்டிட்யூட் சார் சொன்னார். போனேன். ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார்கள். திங்கள்கிழமையிலிருந்து வந்துவிடு என்றார்கள்.

அப்பாவுக்குத்தான் விளங்கவில்லை. அவர் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர். எந்த வேலையாக இருந்தாலும், ஒரு சாமான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் அவருக்கு.

“என்னம்மா டைப் அடிக்கணும்?”

“சர்வேல கேக்கற கேள்விங்கப்பா. பழைய சர்வே எல்லாத்தோட கேள்வியும்.”

“பதிலு?”

“பதில் கிடையாது. கேள்வி மட்டும்தான்.”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “பதிலே வந்தாச்சுன்னா, அப்புறம் கேள்வியை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க?”

எனக்கும் தெரியாது. குரோம்பேட்டையில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே நடந்து முதல் நாள் அங்கே போய்ச் சேரும்வரை நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மையம் என்பது ஒரு வீட்டின் மாடி. கீழே தையல் வகுப்பு நடந்தது. மாடியில் மூன்று அறைகள். இரண்டில் தரையிலிருந்து கூரைவரை கட்டுக் கட்டாகக் கேள்வித்தாள்கள். மூன்றாவது அறை கம்ப்யூட்டருக்கு. அந்த அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஏசி கிடையாது. நான் அதற்குமுன் ஏசிக்குள் போனது ஒரே ஒரு தடவை, நகைக்கடையில். இப்போது நாள் முழுக்க அதற்குள் உட்காரப் போகிறேன். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

தமிழுக்கென்று தனியாக ஏதோ ஒன்றை அதற்குள் பொருத்தியிருந்தார்கள். ‘க’வை அடித்தேன். பச்சையாக ஒரு ‘க’ வந்து நின்றது. அடுத்த விசையைத் தொட்டதும், நின்றிருந்த ‘க’ தானே காலை மடக்கிக்கொண்டு ‘கு’ ஆகிவிட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். தட்டச்சுப்பொறியில் ஒரு தடவை காகிதத்தில் விழுந்த எழுத்து விழுந்ததுதான். அதை மாற்ற வேண்டுமென்றால் வெள்ளை மை. இங்கே ஓர் எழுத்து பின்னால் வருவது யாரென்று பார்த்துத் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. ‘கு’வை அழித்து, மறுபடி அடித்து, மறுபடி பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். பின்னால் நின்றுகொண்டிருந்த மேடம், “எல்லாரும் முதல் நாள் அதைத்தான் பண்ணுவாங்க,” என்றார்.

மேடம்தான் அந்த மையத்துக்குத் தலைவர். மக்கள்தொகை பற்றி ஆராய்ச்சி செய்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மெதுவான குரல். அப்பா கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கட்டுகளிலிருந்து இரண்டு தாள்களை உருவி என் முன்னால் வைத்தார்.

ஒன்றில், ‘நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?’ என்று இருந்தது. இன்னொன்றில், ‘வீட்டு வேலை தவிர, பணமோ பொருளோ கிடைக்கும்படி வேறு ஏதாவது செய்கிறீர்களா?’

“உங்க தெருவுல மாடு வச்சிருக்கவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்க மேடம். பால் ஊத்தறவங்க.”

“அந்தம்மாகிட்ட முதல் கேள்வியைக் கேட்டா என்ன சொல்லுவாங்க?”

நான் யோசித்தேன். விடியும் முன்பே எழுந்து சாணி அள்ளி, புல் அறுத்து, பால் கறந்து, தெருத் தெருவாகச் சொம்போடு நடக்கிற அந்த அம்மா, “நான் எங்க வேலைக்குப் போறேன், சும்மா வூட்லதான் கீறேன்,” என்றுதான் சொல்லுவாள். இரண்டாவது கேள்விக்கு, “பால் ஊத்தறேனே,” என்பாள்.

“ஆள் அதே ஆள்தான். பதில் வேற,” என்றார் மேடம். “பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் அந்தப் பதிலை மட்டும் பாத்தா, இந்த ஊர்ப் பொம்பளைங்க திடீர்னு வேலைக்குக் கிளம்பிட்டாங்கன்னு நினைச்சுக்குவாரு. அன்னைக்கு என்ன கேட்டாங்கன்னு தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் இது. கேட்டது கேட்டபடி இருக்கணும். தப்பா அச்சடிச்சிருந்தா தப்பாவே அடி.”

இரவு அப்பாவிடம் பால்காரம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்து, “நீ வேலைக்குப் போறியா?” என்று கேட்டார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, “எந்த வேலைக்கு?” என்றாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் ஐந்தாறு கட்டங்கள். கேள்வியின் தமிழ் வாசகம், ஆங்கில வாசகம், யாரைக் கேட்க வேண்டும், கொடுத்திருக்கும் விடைகள் என்னென்ன, இந்த விடை வந்தால் அடுத்து எந்தக் கேள்விக்குப் போக வேண்டும். அடித்து முடித்ததும் ஒருவர் தாளைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பார். திரையைப் பார்ப்பது நான்; வாசிக்க எனக்கு வாய்த்தவள் ஓர் அக்கா.

அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல். சேலையூர் பக்கம் வீடு. அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்கள். கணவர் ரயில்வே யார்டில். அக்காவுக்குத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற ஆள் அவள். அந்தக் குரலில் ‘உங்கள் வீட்டில் கழிப்பிட வசதி உள்ளதா?’ என்று வாசித்தால்கூட, எழுந்து நிற்கலாமா என்று தோன்றும். முதல் வாரம் முழுக்க நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரத்தில் சிரிப்பு போய்விட்டது. அவள் வாசிக்கும்போதுதான் அந்தக் கேள்விகள் என் காதில் விழ ஆரம்பித்தன.

‘வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?’

‘உங்கள் கையில் இருக்கும் பணத்தை யாரையும் கேட்காமல் செலவு செய்ய முடியுமா?’

‘தனியாக எவ்வளவு தூரம் போக உங்களுக்கு அனுமதி உண்டு? கடைக்கு? ஆஸ்பத்திரிக்கு? அம்மா வீட்டுக்கு?’

யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, இதையெல்லாம் கேட்டிருக்கிறார். அதற்கு அந்த வீட்டுப் பெண்ணும் பதில் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் என் அம்மாவிடம் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் கேள்வி ஓட ஆரம்பித்தது. இந்தம்மா கடைசியாகச் சாப்பிடுகிறவளா?

தாண்டல் என்று ஒன்று உண்டு. ‘இல்லை எனில் இத்தனையாவது கேள்விக்குச் செல்க’ என்று சில கேள்விகளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். நிலம் உண்டா? இல்லையென்றால் விவசாயக் கேள்விகள் முழுவதையும் தாண்டிவிடலாம். நேரம் மிச்சம். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கட்டத்தில் எண்ணை அடிப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய கோட்டையின் வரைபடத்தில் வாசல் எங்கே, படி எங்கே என்று குறிப்பது மாதிரி இருக்கும்.

ஒருநாள் பெண்களின் உடல்நலம் பற்றிய ஒரு கேள்வித்தாளை அடித்துக்கொண்டிருந்தோம். அக்கா வாசித்தாள். “உங்களுக்குக் குழந்தை பிறந்ததுண்டா? ஆம். இல்லை. இல்லை எனில் ஐம்பத்தெட்டாம் கேள்விக்குச் செல்க.”

நான் திரையைப் பார்த்து, “சரி,” என்றேன். அடுத்ததை அவள் வாசிக்கவில்லை. நிமிர்ந்தேன். தாள் அவள் மடியில் இருந்தது.

“இந்த சர்வேக்கு நான் ஃபீல்டுக்குப் போயிருக்கேன், தெரியுமா?” என்றாள். “கல்யாணத்துக்கு முன்னாடி. குன்றத்தூர்ல மலைக்குக் கீழ ஒரு தெரு. தறி போடற வீடு. அந்தம்மாவுக்கு அப்ப நாப்பது வயசு இருக்கும். பாய் விரிச்சு, மோர் கொடுத்து, நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். இல்லைன்னாங்க. நான் ஐம்பத்தெட்டுக்குப் போகணும்ல? பக்கத்தைப் புரட்டினேன். ஒண்ணு, ரெண்டு இல்ல, ஒரு கத்தை. அந்தம்மா என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ‘ஏம்மா, அம்புட்டையும் தள்ளிட்ட? அதுல எனக்கு ஒண்ணுகூடக் கிடையாதா?’ன்னு கேட்டாங்க.”

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“என்ன சொல்றது. அதெல்லாம் பிரசவம் பத்தினதும்மான்னேன். சரி சரின்னு தலையாட்டினாங்க. அதுக்கப்புறம் கேட்டதுக்கெல்லாம் ஒரு வார்த்தையிலதான் பதில். எழுந்து வரும்போது தறி மேடையில ஒரு பையன் வந்து அவங்க முதுகுல சாஞ்சுக்கிட்டு, ‘அத்தை, பசிக்குது’ன்னான். அண்ணன் பிள்ளையாம். கைக்குழந்தையிலேர்ந்து அவங்கதான் வளர்க்கறாங்களாம். அதை எழுத என்கிட்ட இடமே இல்ல.”

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அக்கா தாளைக் கையில் எடுத்தாள். “அப்ப எனக்குப் பெருசாத் தோணல. இப்பத்தான் தோணுது. என்கிட்ட யாராச்சும் வந்து கேட்டா, எனக்கும் அந்தக் கத்தையைத் தள்ளிட்டுத்தானே போவாங்க?” என்றாள். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. நான் ‘சரி’, ‘சரி’ என்று சொல்லிக்கொண்டே போனேன்.

ஒன்றரை வருடம் போனது. மின்சாரம் போய், அடித்தது அழிந்து, மறுபடி அடித்து, பிளாப்பிகளில் சேமித்து, இரண்டு அறையில் இருந்த கட்டுகளில் பாதிக்கு மேல் உள்ளே ஏற்றிவிட்டோம். அப்போது நகரத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தென்புறநகர்ப் பெண்களைப் பற்றி ஒரு புதிய சர்வே எடுக்கப் போகிறார்கள். கேள்வித்தாள் தயாரிப்பதற்குமுன் பழைய கேள்விகளைப் பார்க்க வேண்டும். தேடும் வசதியை வெளியாட்களுக்குக் காட்டுவது அன்றுதான் முதல்முறை. மேடம் என்னை விசைப்பலகைக்கு முன் உட்கார வைத்தார். எல்லாரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

“ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க, தேடலாம்,” என்றார் மேடம்.

வந்தவர்களில் மூத்தவரான ஒரு சார், “தண்ணீர்,” என்றார்.

அடித்தேன். திரை கொஞ்சநேரம் கறுப்பாக இருந்தது. பெட்டிக்குள் ஏதோ கறகறவென்று சுரண்டுகிற சத்தம். பிறகு ஒவ்வொரு வரியாக மேலேறி வந்தன, பழையது முதலில், புதியது பின்னால்.

‘குடிதண்ணீர்க் கிணறு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?’ ‘கோடையில் கிணற்றில் தண்ணீர் இருக்குமா?’ ‘தண்ணீருக்காகக் கிணற்றை ஆழப்படுத்தியதுண்டா?’ ‘தண்ணீர் எடுக்கும் கைபம்பு சொந்தமானதா, பொதுவானதா?’ ‘போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதா?’ ‘தண்ணீர் லாரி உங்கள் தெருவுக்கு வாரம் எத்தனை முறை வருகிறது?’ ‘குடிதண்ணீரை விலைக்கு வாங்குகிறீர்களா?’

ஒவ்வொன்றும் நான் அடித்த கேள்விதான். ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு கட்டிலிருந்து, தனித்தனியாக அடித்தவை. அவை ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றபோது, எங்கள் ஊரில் தண்ணீர் கீழே கீழே போன கதை முழுவதும் அங்கே இருந்தது. ஒரு பதில்கூட இல்லை. கேட்டவர்கள் கேள்வியை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்; அதுவே போதுமானதாக இருந்தது. அந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, மேலிருந்து ஒருமுறை படித்தார். “நான் பல்லாவரத்துல பொறந்தவன்,” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப்பிறகு ஆளாளுக்கு வார்த்தை சொன்னார்கள். ரேஷன், அடுப்பு, பேருந்து, சீதனம். விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். எல்லாம் ஓய்ந்தபோது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“மேடம், ‘குழந்தை பிறந்ததுண்டா’ தேடச் சொல்லலாமா?”

தேடினேன். ஏறக்குறைய எல்லா சர்வேயிலும் இருந்தது. அக்கா குனிந்து திரையின் ஓரத்தைக் காட்டினாள். “இந்தக் கட்டத்தை மட்டும் பாருங்க சார்.”

‘இல்லை எனில் செல்க.’ ‘இல்லை எனில் செல்க.’ ‘இல்லை எனில் பகுதி ஐந்துக்குச் செல்க.’ எண்கள்தான் வேறு வேறு. பல வருடங்கள், பல ஆட்கள் தயாரித்த தாள்கள். எல்லாவற்றிலும் அந்தப் பெண்கள் ஒரே மாதிரி நகர்த்தப்பட்டிருந்தார்கள். எந்த சர்வேயிலும் அவர்களுக்கென்று ஒரு கேள்வியும் வைத்திருக்கவில்லை. அக்கா குன்றத்தூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள், என்னிடம் சொன்ன மாதிரியே. தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த சார் அவளிடம், “சரிம்மா. கேக்கறதுன்னா எப்படிக் கேப்பீங்க?” என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அக்காவுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. அங்கேதான் எனக்குப் புரிந்தது, ஒரு கேள்வியை உண்டாக்குவது எவ்வளவு பெரிய பாடு என்று. நான் ஒரு நிமிடத்தில் அடித்துத் தள்ளுகிற ஒரு வரிக்காக ஆறு பேர் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். ‘தத்து எடுத்ததுண்டா?’ என்றார் ஒருவர். பத்திரம் எழுதியவர்கள் மட்டும்தான் ஆம் என்பார்கள் என்றார் மேடம். ‘வளர்ப்புப் பிள்ளைகள் உண்டா?’ என்றால், மூத்த தாரத்துப் பிள்ளைகளைச் சொல்வதாக நினைப்பார்கள். ‘சொந்தப் பிள்ளை போல’ என்று ஒருவர் ஆரம்பித்தபோது அக்கா, “போலன்னு சொல்லாதீங்க சார்,” என்றாள். அவர் உடனே அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டுவிட்டார்.

டீ வந்து ஆறிப்போன பிறகு ஒரு வரி நின்றது. ‘நீங்கள் வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் யார் யார்?’ உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். யார் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள் என்றார் மேடம். இன்னொன்றும் சொன்னார். “பிறந்ததுண்டான்னு கேட்டு, இல்லைன்னதுக்கு அப்புறம் இதைக் கேட்டா ஆறுதல் பரிசு மாதிரி இருக்கும். முன்னாடியே வைங்க. எல்லாரையும் கேளுங்க. பெத்தவங்க, பெறாதவங்க எல்லாரையும்.”

“கேள்வித்தாள் நீளுமே,” என்றார் சார். பிறகு அவரே, “நீளட்டும்,” என்றார்.

அச்சுக்குப் போகுமுன் அதைச் சில வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும். அக்காவையும் அழைத்தார்கள். ஒரு கேள்வியை யாராவது கேட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று மேடத்திடம் சொன்னேன். “கூடப் போயிட்டு வா. ஆனா நடுவுல பேசாதே,” என்று அனுப்பிவைத்தார்.

பம்மலுக்குப் பின்னால், கல்குவாரியை ஒட்டிய குடியிருப்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து கால் முழுக்க வெள்ளைத் தூசி. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் தலைக்குமேல் தாழப் போனபோது, அங்கே ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவதாகப் போன வீட்டில் ஓர் அம்மா இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். குவாரி ஆட்களுக்குக் காலையில் இட்லி போடுகிறவள். ஐம்பதைத் தாண்டிய வயது. கறுத்து, உயரமாக, நெற்றியில் பெரிய பொட்டு.

“இன்னா, வோட்டு எழுத வந்தீங்களா?”

இல்லை என்று அக்கா விளக்கினாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பலகையை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். வயது, வீடு, தண்ணீர், அடுப்பு. பேசிக்கொண்டே வெங்காயம் உரித்தாள். அக்கா அந்தக் கேள்விக்கு வந்தாள்.

“நீங்க வளர்த்து ஆளாக்கின பிள்ளைங்க யார் யாரும்மா?”

வெங்காயம் உரித்த கை நின்றது. “இன்னாது?”

அக்கா மறுபடி கேட்டாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதுதான் விதி.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பெத்தது எத்தினின்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஆஸ்பத்திரில கேப்பாங்க. ரேஷன் கடையில கேப்பான். வளத்ததையா கேக்கறே?”

“ஆமாம்மா.”

“எழுதிக்கோ,” என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். “எங்க வூட்டுக்காரரு தங்கச்சி புள்ள ஒண்ணு. அவ செத்துப் பூட்டா. அவன் இப்ப பல்லாவரத்துல ஆட்டோ ஓட்டறான். ரெண்டு புள்ள கீது அவனுக்கு. அப்பால, இங்க வெடி வச்சப்ப ஒரு ஆளு பூட்டான். அவன் பொண்டாட்டி ஊருக்குப் போறப்ப பெரிய பொண்ண எங்கிட்ட வுட்டுட்டுப் போனா. அது பெரிய மனுசி ஆனது இங்கதான். கட்டிக் குடுத்தேன். அனகாபுத்தூர்ல கீது. அப்பால ஒரு பையன். மஞ்சக்காமாலைல பூட்டான். எட்டாவது படிச்சுகினு இருந்தான்.” நிறுத்தினாள். “செத்தவன எழுதலாமா?”

“எழுதலாம்மா.”

“அவன் பேரு எழுது.” பேரைச் சொன்னாள். அக்கா எழுதுவதை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாள், ஆனாலும் பார்த்தாள். தாளில் போட்டிருந்த வரிகள் முடிந்துவிட்டன. அக்கா பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

“இன்னொண்ணு கீது. அது கணக்குல வருமான்னு தெரில. ஒரு பாப்பா. கைக்கொழந்தைல வந்துச்சு. ரெண்டு வருசம் வச்சிருந்தேன். அதுக்கப்புறம் அத்தோட அம்மாக்காரி வந்து கூட்டினு பூட்டா. நல்லாத்தான் கீதாம். என்னை ஞாபகம் இருக்காது அதுக்கு.” அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். “அத வளத்ததுன்னு சொல்லலாமா? நீ படிச்சவ, நீ சொல்லு.”

கேள்வி கேட்பவர் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று கொடுத்திருந்த குறிப்புத் தாளை அக்கா பார்த்தாள். எத்தனை வருடம் வளர்த்தால் வளர்த்ததாகும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றியிருக்கவில்லை. தாளிலும் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

“சொல்லலாம்,” என்றாள் அக்கா.

“அப்ப எழுது.”

எழுதினாள். அடுத்த கேள்வி, குழந்தை பிறந்ததுண்டா என்பது. “பெத்தது இல்ல,” என்றாள் அந்த அம்மா, ரொம்பச் சாதாரணமாக, கத்தியை எடுத்துக்கொண்டே. அக்கா பக்கங்களைத் தாண்டினாள். அந்த அம்மா கவனிக்கக்கூட இல்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே, ஆட்டோ ஓட்டுகிறவன் போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புடவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு தூக்கில் இட்லி வைத்துக் கொடுத்தாள். வாங்கக்கூடாது என்று விதி. அக்கா வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பல்லாவரம் வரும்வரை அக்கா வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரோட தம்பி ஆறாவது படிக்கறப்ப என்கிட்ட வந்தான்,” என்றாள். “இப்ப டிப்ளமா முடிச்சுட்டான். அவனுக்குக் கணக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அம்மை போட்டப்ப நான்தான் பாத்தேன். அவனைச் சொல்லலாம். அவங்க அக்கா பொண்ணு ஒண்ணு, லீவுக்கு லீவு வரும். அதைச் சொல்ல முடியாதுன்னு நினைக்கறேன்.” கொஞ்சம் யோசித்தாள். “இல்ல, சொல்லலாம். ஒரு தடவை ஒரு வருஷமே இருந்திருக்கு.”

“சொல்லலாம்கா,” என்றேன்.

“உங்கிட்ட கேக்கல. நீ சும்மா இரு,” என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் என்றார். அவள் மடக்கிய விரலைப் பிரிக்காமலே மறு கையால் பையைத் துழாவினாள்.

மறுநாள் மேடத்திடம் நடந்ததைச் சொன்னோம். கைக்குழந்தையாக வந்து போன அந்தப் பாப்பாவைப் பற்றிச் சொன்னபோது மேடம் பேனாவை மூடிவிட்டார். எத்தனை வருடம் என்று ஏதாவது ஒரு வரம்பு வைக்காவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமிருக்காது. அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். அன்று நகரத்துக்குப் போன் போட்டு அந்த சாரோடு வெகுநேரம் வாதாடினார். இரண்டு வருடம் என்றார், ஒரு வருடம் என்றார், வயதை வைத்துச் சொல்லலாமா என்றார். கடைசியில் போனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

“அடிச்சுக்கோ. கேள்வியாளருக்கான குறிப்பு.”

விசைகளில் கை வைத்தேன்.

“எவ்வளவு காலம் வளர்த்தார் என்பதற்கு வரம்பு இல்லை. வளர்த்ததாகப் பதில் தருபவர் கருதும் அனைவரையும் எழுதுக. இறந்தவர்களையும் பிரிந்து சென்றவர்களையும் சேர்த்துக்கொள்க. வரிகள் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.”

அடித்தேன். ‘கருதும்’ என்பதில் ‘ர’ வந்து நின்று, அடுத்த விசைக்கு ‘ரு’வாகிக்கொண்டு போனது. மேடம் என் தோளுக்கு மேலாகக் குனிந்து அதை இரண்டு தடவை படித்தார். ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

அந்த சர்வே பெரிதாக நடந்தது. வீடு வீடாகக் கேட்கப் போய் வந்த பெண்கள் மையத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசினார்கள். அங்கேதான் நேரம் ஆகிறது என்றார்கள். ஐந்து பெற்றவள்கூட, பெற்றதை விட்டுவிட்டு முதலில் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்கிறாளாம். மாமியார் உள்ளேயிருந்து, ‘உன் புருசனை வளத்தது நான், என் பேர்ல எழுதச் சொல்லு,’ என்று குரல் கொடுத்தாளாம். ஒரு வீட்டில் ஒரு பெண் பதிலே சொல்லாமல் எழுந்துபோய், பீரோவிலிருந்து ஒரு சின்னக் கவுனை எடுத்து வந்து கேட்டவள் கையில் கொடுத்திருக்கிறாள். அதை எப்படி எழுதுவது என்று கேட்டார்கள்.

அதன்பிறகு எனக்குக் கல்யாணமாகிப் பொத்தேரிப் பக்கம் போய்விட்டேன்; ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நான் ஏற்றிய கேள்விகளில் பாதிக்குமேல் மறந்துபோய்விட்டன. அந்தப் பதில்களை எண்ணிப் பார்த்து என்ன கண்டுபிடித்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. பம்மலில் தரையில் உட்கார்ந்து, கையில் வெங்காயத்தோடு, “வளத்ததையா கேக்கறே?” என்று அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாளே, அந்த முகம் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஒரு வரியால் மனிதரை அப்படி நிமிர்த்த முடியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.